தொலைந்துபோன வாஷர் என் மேசையில் இருக்கிறது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் கைப்பையிலிருந்து வந்தது. அதன் சின்ன அறையிலிருந்து, சில்லறைக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவிலிருந்து.

ஒரு நாள் மத்தியானம் வந்தாள். உட்காரக்கூட இல்லை. ஒரு எஃகு வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கி மூடினாள். சட்டைப் பொத்தான் அளவு. தாளைப் போல மெல்லிசு. ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ்.

"இதை நீ வச்சுக்கோ. உன் அத்தான் கண்ணுல படக் கூடாது."

என்ன இது என்று கேட்டேன். என் உயிரை வாங்கின சாமான் என்றாள். பிறகு உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு நடந்தது முழுவதையும் சொன்னாள். சொல்லி முடித்து எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பி, வேண்டுமானால் இதை ஒரு கதையாக எழுதிக்கொள் என்று பெரிய மனது பண்ணினாள்.

"ஆனா இது கிடைச்சதை மட்டும் எழுதாதே."

சமைத்துக்கொள், அடுப்பை மட்டும் பற்றவைக்காதே என்பதுபோல. இது கிடைத்ததுதான் கதையே. மீதி எல்லாம் ஒரு காரின் ஏசி ரிப்பேர். அதை யார் படிப்பார்கள்? (நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் நீங்கள் எத்தனை பேர்?)

2

தொடக்கம் எழுதவே எனக்கு உயிர் போயிற்று.

முதலில் இப்படி எழுதினேன்: "தகிக்கும் கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, அவர் அந்தக் காரின் பானட்டைத் திறந்தபோது, தன் வாழ்வின் மூடியையே திறக்கிறோம் என்று—"

போதும். எந்த மனிதனும் பானட்டைத் திறக்கும்போது வாழ்வின் மூடியைத் திறப்பதில்லை. பானட்டைத்தான் திறக்கிறான். அதைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி எங்கே என்று தேடுகிறான்.

அடுத்தது: "அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கொஞ்சம் குளிர்ந்த காற்று." இது எனக்குப் பிடித்திருந்தது. போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு வேண்டியது நூறு இருக்கிறது, காற்றும் அதில் ஒன்று, யார் சொன்னது ஒன்றே ஒன்று என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒன்று வேலைக் கருவிகளின் பட்டியலோடு தொடங்கியது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

3

அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் அக்கா காலடியில் இன்னொரு பிரேக். அடுத்தவர் செய்யும் தப்பைக் கடைசி நொடியில் தன் காலால் நிறுத்துவது அவள் பிழைப்பு. கடைசி நொடி என்பது முக்கியம். முன்னாலேயே மிதித்துவிட்டால் கற்றுக்கொள்கிறவருக்குத் தைரியம் போய்விடும் என்பாள். சுவர் முகத்துக்கு நேரே வருகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் கார்தான் கோடை நடுவில் மக்கர் பண்ணியது. காலையில் எடுத்தால் ஏசி ஜில்லென்று வரும். இரண்டு தெரு தாண்டி இன்ஜின் சூடானதும் முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு குளிர் நின்று, அடுப்பில் கொதிக்கிற வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ஆறவிட்டு எடுத்தால் மறுபடி ஜில். மறுபடி டக்.

படிக்க வந்தவர்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு பேர் வேறு பள்ளிக்கே போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருத்தி தையல்காரம்மா. ஜன்னல் திறந்திருந்தால் வெளியே அடிக்கிற ஹாரன் அத்தனையும் தன்னைத் திட்டுவதாக நினைத்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்துவாள். ஜன்னலை ஏற்றிவிட்டால் அருமையாக ஓட்டுவாள். ஏற்கெனவே டெஸ்டில் தோற்றவள். அடுத்த டெஸ்ட் திங்கட்கிழமை. ஜன்னலை மூடினால் வெந்துபோவாள், திறந்தால் தோற்றுப்போவாள். பாஸ் பண்ணவைக்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள்.

மெக்கானிக் ஒரு முறை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கம்ப்ரசரையே மாற்ற வேண்டும், வேறு வழியில்லை என்றார். பக்கத்தில் நின்ற அத்தான், "கம்ப்ரசர் இல்லை, அதுல இருக்கற காயில்தான்" என்றார். மெக்கானிக் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது என்பது அக்காவின் கட்சி.

இங்கே அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பம்ப் செய்கிற தொழிற்சாலையில் அளந்து பார்க்கிற வேலையில் இருந்தார். ஒவ்வொரு பாகத்தையும் அளப்பார், சரியாக இருந்தால் பச்சைப் பொட்டு வைப்பார், இல்லையென்றால் சிவப்பு. மயிரிழை கூடினாலும் சிவப்புதான். அளக்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். மழை பெய்கிறதா என்று கேட்டால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் இருக்கிறார், வீட்டுச் சாமான்கள் அவரிடம் மாட்டிக்கொண்டன. அவர் கை வைத்த மிக்சி மூன்றாவது வேகத்தில் மட்டும் ஓடும், மூடியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். அவர் மாற்றிய குழாயை மூடுகிற பக்கம் திருப்பினால் தண்ணீர் கொட்டும். அழைப்பு மணியை அழுத்தினால் கூடத்து விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும்.

அக்கா எதையும் சொல்ல மாட்டாள். சுவர் இன்னும் முகத்துக்கு நேரே வரவில்லை.

ஆனால் கார் மிக்சி இல்லை. அது நின்றால் அவர்கள் இரண்டு பேர் வீட்டு அடுப்பும் நிற்கும். அத்தான், ஏசியின் கேஸ் குழாய் எதையும் தொட வேண்டியதில்லை, காயிலை வீட்டிலேயே மாற்றிவிடலாம், சனி, ஞாயிறு வகுப்பைத் தள்ளிப்போடு என்றபோது அக்காவின் வலதுகால் தானாகத் தரையை அழுத்தியதாம். அங்கே பிரேக் இல்லை. சரிங்க என்றாள்.

(என் தரப்பில் ஒரு சந்தேகம்: இந்த அத்தானை நான் கேலிக்கூத்தாக ஆக்குகிறேனோ? மிக்சியும் குழாயும் உண்மை. விளக்கு கண் சிமிட்டுவதும் உண்மை, நானே பார்த்தேன். ஆனால் ஒரு மனிதர் காலை எழுந்ததும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வீட்டில் ஏதாவது பழுதாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு போவதை எப்படி எழுதுவது? எழுதினால் சிரிப்பு வருகிறது. பார்த்தால் வருவதில்லை.)

4

இந்தப் பகுதியை நீங்கள் தாண்டிப் போகலாம் என்று எழுதியிருந்தேன். தாண்ட முடியாது. தாண்டினால் வாஷர் புரியாது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஒரு பெல்ட், கம்ப்ரசரின் முன்னால் இருக்கும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு இரும்புத் தட்டு சும்மா நிற்கும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சூண்டு இடைவெளி.* ஏசி பொத்தானை அழுத்தினால், சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காயிலில் கரண்ட் பாய்ந்து அது காந்தமாகும். காந்தம் தட்டை இழுக்கும். தட்டு சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், கம்ப்ரசரையும் சுற்றவைக்கும். குளிர் வரும். அந்தக் கொஞ்சூண்டு இடைவெளி எவ்வளவு என்பதைத் தட்டுக்குப் பின்னால் செருகியிருக்கும் ஒரு மெல்லிய வாஷர் முடிவுசெய்கிறது.

இதற்கு எனக்கு நான்கு காகிதம் வீணாயிற்று. கடைசியில் அத்தான்தான் சமையலறையிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டையும் ஒரு பாத்திர மூடியையும் கொண்டுவந்து காட்டினார். காந்தத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பொம்மை. அது சாப்பாட்டுத் தட்டை இழுக்கவில்லை. இந்தத் தட்டு இழுபடாது, வேற ஜாதி எஃகு என்று சொல்லிவிட்டு, இழுபடுகிற தட்டைத் தேடி அத்தனை பாத்திரத்தையும் இறக்கினார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

* 'இடைவெளி' என்று எழுதியதுமே பேனா புருஷன் பெண்டாட்டி பக்கம் நழுவப் பார்த்தது. கையைத் தட்டி இழுத்துக்கொண்டேன். இடைவெளி என்றால் தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது.

5

சனிக்கிழமை.

காரை முன்பக்கம் தூக்கி, கட்டைகள் கொடுத்து, பெல்ட்டைக் கழற்றும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதற்கப்புறம் தட்டின் நடுவில் இருக்கும் போல்ட். ஸ்பானரைத் திருப்பினால் போல்ட்டோடு தட்டும் சேர்ந்து சுற்றியது. தட்டைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு கருவி உண்டு. அத்தானிடம் அது இல்லை. அவர் ஒரு பட்டையான இரும்பில் இரண்டு ஓட்டை போட்டு அந்தக் கருவியைச் செய்ய உட்கார்ந்தார். அதைச் செய்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. அக்கா இரண்டு முறை காபி கொண்டுபோய் வைத்தாள், இரண்டும் ஆறின.

போல்ட் வந்தது. தட்டு வந்தது. அதன் பின்னாலிருந்து வாஷர் வந்தது. அத்தான் அதை ஒரு கிண்ணத்தில் வைத்தார். வாசகரே, கிண்ணத்தை நினைவில் வையுங்கள்.

அடுத்து, சக்கரத்தைப் பிடித்துவைத்திருக்கும் வட்டக் கம்பி. சர்க்லிப் என்பார்கள். அதை விரித்து எடுக்கும்போது கை நழுவி, கம்பி 'டிங்' என்று பறந்தது. எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அத்தான் தரையில் தேடினார், அக்கா செடிகளுக்குள் தேடினாள். கடைசியில் அது அக்காவின் பின்னலில் சிக்கியிருந்தது. அத்தான் அதை மெதுவாக எடுத்தார். அவள் தலைமுடியில் கிரீஸ் கோடு விழுந்தது. அவர், "சாரிம்மா" என்றார். அது ஒன்றுதான் அந்த நாளின் நல்ல கட்டம் என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது பின்னலைத் தொட்டுக்கொண்டாள்.

பழைய காயில் வந்தது. புதுக் காயில் உட்கார்ந்தது. பழையதை, புதியது வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டார். அக்கா அந்தப் பெட்டியை டேப் ஒட்டி மூடி அலமாரியின் மேல் தூக்கி வைத்தாள். சாமான் வெளியே கிடந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. பிறகு சக்கரம், சர்க்லிப், வாஷர், தட்டு, போல்ட், பெல்ட். வண்டியை இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். ஜன்னல்களை ஏற்றிவிட்டு இரண்டு பேரும் உள்ளே. ஜில்லென்று வந்தது. முதல் தெரு தாண்டிற்று. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது தெரு முனையில்—

டக்.

அக்கா ஜன்னலை இறக்கவே இல்லை. வேர்க்க வேர்க்க அப்படியே வீட்டுக்கு வந்தார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அத்தான் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலத்தைப் பற்றி அக்கா எனக்குச் சொன்னது ஒரு புகார். அவர் மறுபடி பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, அவளுடைய பள்ளி விசிட்டிங் கார்டுகளில் மூன்றை எடுத்துப்போய்க் கரியாக்கிவிட்டாராம். புதுசாக அச்சடித்த கார்டு, ஓரமெல்லாம் கருப்புக் கோடு, இதை யாருக்குக் கொடுப்பது என்று அரைமணி நேரம் புலம்பித் தீர்த்தாள். அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை.

அக்கா எழுந்து வந்தபோது தட்டு ஏற்கெனவே கழன்றிருந்தது. அத்தான் தரையில் மண்டியிட்டிருந்தார்.

"வாஷர் தொலஞ்சு போச்சு."

அக்கா அவரைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணம் காலி. நாளைக்குத் தையல்காரம்மாவுக்கு டெஸ்ட். அந்த நிமிஷம் மெக்கானிக் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. சொன்னால் கார் பிழைத்துவிடும், மனிதர் விழுந்துவிடுவார். அவள் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, முட்டியிட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள்.

பெருக்கிப் பார்த்தார்கள். காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார்கள், ஆணிகளும் ஒரு ஊக்கும் வந்தன. அந்த வாஷர் உருண்டு சாக்கடைக்குள் போயிருக்கும் என்று முடிவாயிற்று. அத்தான் பெருமூச்சு விட்டு, அது இல்லாமலே பூட்டிப் பார்ப்போம் என்றார். வேறு வழி என்ன?

பூட்டினார்கள். ஓட்டினார்கள். முதல் தெரு, இரண்டாவது தெரு. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு டக்குக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஊரைச் சுற்றினார்கள். சிக்னலில் நின்றார்கள். இன்ஜின் கொதித்தது, உள்ளே கை விறைத்தது. அக்கா ஓட்டிக்கொண்டே திரும்பி அத்தானைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"காயில்தான். செட் ஆக ஒரு நாள் ஆகும்," என்றார்.

மறுநாள் தையல்காரம்மா பாதி வழியில், அம்மா, குளிர் தாங்கலை, கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா என்று கேட்டாள். டெஸ்டில் பாஸும் பண்ணினாள். அக்கா வீட்டுக்கு வந்ததும் பாஸ் பண்ணியதைச் சொல்வதற்கு முன்னால் குளிர் தாங்கவில்லை என்று அவள் சொன்னதைத்தான் சொன்னாள். அத்தான் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இங்கேயே கதையை முடித்திருக்கலாம். நல்ல முடிவு. நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் என் மேசையில் வாஷர் இருக்கிறதே, என்ன செய்ய?

7

எழுதாதே என்று அக்கா சொன்ன பகுதி இது.

சில நாள் கழித்து அவள் பழைய சாமான்காரனுக்குப் போட அந்த அட்டைப்பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கினாள். பழைய காயிலை வெளியே எடுத்தாள். அதன் அடியில், பெட்டியின் அடித்தட்டில், வாஷர்.

என்னிடம் அவள் சொன்னது: "கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்போல."

நான் கொஞ்சம் யோசித்தேன். பழைய காயில் பெட்டிக்குள் போனது சனிக்கிழமை. வாஷர் சனிக்கிழமை காருக்குள் பூட்டப்பட்டது. அது இல்லாமல் போனது ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் வாஷருக்குக் கால் முளைத்து, காரிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் நடந்து, அலமாரி ஏறி, டேப் ஒட்டின பெட்டிக்குள் நுழைந்து, மறுபடி டேப்பையும் ஒட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

"சனிக்கிழமையே டேப் ஒட்டினது நீதானேக்கா?"

அக்கா என் வீட்டு ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துவைத்து எத்தனை நாளாகிறது என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விசிட்டிங் கார்டு ஞாபகம் வந்தது. தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கார்டு நுழைந்தால் சரியான இடைவெளி. சனிக்கிழமை சாயங்காலம் கரியானது ஒரு கார்டு இல்லை, மூன்று. மூன்றையும் சேர்த்துச் செருகியிருக்கிறார், மூன்றும் உள்ளே போயிருக்கின்றன. வருஷக்கணக்கில் ஓடித் தட்டு தேய்ந்து இடைவெளி பெருகிவிட்டிருந்தது. காயில் சூடானால் காந்தத்தின் பிடி கொஞ்சம் தளரும், அவ்வளவு தூரத்திலிருந்து தட்டைப் பிடித்துவைக்க அதற்குத் தெம்பு போதாது. பழைய காயிலுக்கும் போதவில்லை, புதியதற்கும் போதவில்லை. காயிலில் கோளாறே இல்லை. வாஷரை எடுத்துவிட்டால் தட்டு நெருங்கி வந்துவிடும். காசு செலவில்லாத வேலை, காலை காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அத்தான் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மெக்கானிக் சொன்னதும் தப்பு, தான் சொன்னதும் தப்பு, கோளாறு தாள் கனத்துக்கு ஒரு வளையம் என்று தன்னந்தனியாக விசிட்டிங் கார்டு வைத்தே அளந்து கண்டுபிடித்த மனிதர், அதை வெளியே சொல்லியிருந்தால் ராஜா. சொல்லவில்லை. ஆயுசு முழுக்க அளந்துவிட்டுப் பேசினவர், அன்றைக்கு ஒரே ஒரு நாள் மெக்கானிக்கின் முன்னால் அளக்காமல் பேசிவிட்டார். அதை நம்பி அக்கா வகுப்புகளைத் தள்ளிப்போட்டாள். அந்தச் சிவப்புப் பொட்டைத் தனக்குத்தானே வைத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. அதனால் வாஷரை ஒளித்துவைத்துவிட்டுத் தொலைந்தது என்றார். தேடவும் தேடினார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை இவ்வளவு பாடுபட்டு ஒளித்துவைக்கிற ஒரு ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதையெல்லாம் நான் அக்காவிடம் கொட்டினேன். அவளுக்கு ஒன்றும் புதிதாக இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஃபாக்டரி மூடினதுலேருந்து அவர் கையால சரியான முதல் சாமான் இது," என்றாள். "எப்படிச் சரியாச்சுன்னு நான் போய்க் கேக்கணுமா?"

8

முடிவுகள்.

முதல் முடிவு: அக்கா வாஷரைச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறாள். அத்தான் அதைப் பார்க்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். [சிரிக்க மாட்டார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.]

இரண்டாவது: அத்தான் தானாகவே வந்து உண்மையைச் சொல்கிறார். அழகான பேச்சு, ஒரு பக்கம் எழுதினேன், அதில் அவர் 'இடைவெளி' என்ற சொல்லை மூன்று முறை பயன்படுத்தினார். கிழித்துப்போட்டேன்.

மூன்றாவது: அக்கா சொல்லவே இல்லை, அவரும் சொல்லவே இல்லை, வருஷங்கள் ஓடின, கார் பழசாகி ஒரு நாள்— வேண்டாம். கார் பழசாவதை வைத்து முடிவுரை எழுதும் அளவுக்கு நான் இன்னும் தேய்ந்துபோகவில்லை.

முடிவு கிடைக்காமல் ஒரு வேலை செய்தேன். நான் எழுதுவது எதையும் அச்சுக்குப் போகும் முன் அத்தான் படித்துவிடுவார். பென்சிலோடு உட்காருவார். எழுத்துப் பிழை பார்க்க மாட்டார், அளவுப் பிழை பார்ப்பார். கொடுக்காவிட்டால் சந்தேகம் வரும். ஆகவே ஏழாம் பகுதியையும் வாஷர் கிடைத்த பேச்சு வருகிற மற்ற இடங்களையும் எடுத்துவிட்டு, எட்டில் ஒரு சுபமான முடிவை ஒட்டி, ஒழுங்கான ஒரு குடும்பக் கதையாகத் தைத்து அவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒரு இடத்தில் பென்சில். 'உருண்டு சாக்கடைக்குள் போயிருக்கும்' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: உருளாது, கிரீஸ் இருக்கிறது, ஒட்டும். தன் பொய்யையே திருத்தாமல் விட முடியாத மனிதர். அவர் காகிதங்களைத் தட்டி நேராக்கிக்கொண்டே கேட்டார்.

"ஆறுக்கு அப்புறம் எட்டு வருது. ஏழு எங்கே?"

எண்ணை மாற்ற மறந்திருக்கிறேன். அளக்கிற ஆளிடம் கொண்டுபோய்.

காணவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கையை நீட்டினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கடைசி வரியை மட்டும் இரண்டாவது முறை படித்தார் என்று நினைக்கிறேன், கண் கீழேயே நின்றது. பிறகு தாளை மடித்து, வரிசையில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே தானே செருகினார்.

"அக்கா இதைப் படிச்சாச்சா?"

"இன்னும் இல்லை அத்தான்," என்றேன்.

சொன்னது பொய். அதற்கு முதல் நாளே அவள் என் வீட்டுக்கு வந்து, நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மேசையில் இருந்த முழுக் கதையையும் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று ஈரத்தலையோடு நின்றேன். திட்டவில்லை. பின்னல் விஷயத்தை எதற்கு எழுதினாய் என்று மட்டும் கேட்டாள். பிறகு, போகிறபோது, அதே கேள்வி.

"அத்தான் படிச்சாச்சா?"

இன்னும் இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை.

9

ஆக, இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். மற்றவருக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைக்கிறார்களா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இது முடிகிற இடம் எங்கே என்று பார்க்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாஷரையும் எடுத்துப் போனேன், என் பையில், சில்லறைக்கும் சாவிக்கும் நடுவே. யாராவது ஒருவர் கேட்டால் கொடுத்துவிடுவது என்று.

அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே கூடத்து விளக்கு கண் சிமிட்டியது. யாரும் வரவில்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால், காரைக் கழுவி ஓரமாகத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஈரத் தரையில் இரண்டு பேரும் முட்டி போட்டிருந்தார்கள். அத்தான் சாக்கடை மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அக்கா பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு," என்றார் அத்தான்.

"அங்கதான் போன வாரமே பாத்தோமேங்க."

"கிரீஸ் இருக்குல்ல. ஓரத்துல எங்கயாச்சும் ஒட்டியிருக்கும்."

அக்கா ஓரத்துக்குக் காட்டினாள். இரண்டு தலையும் இடித்துக்கொள்ளும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கார் கழுவியதும் இப்படிக் கொஞ்ச நேரம் தேடுகிறார்களாம். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு கவனமாகப் பார்த்தும், தேடுகிற இரண்டு முகங்களுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. கோபம் வந்தது. பைக்குள் கையை விட்டு வாஷரைப் பிடித்தேன். இப்போது எடுத்து நீட்டினால் கதைக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும்.

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பையையும், பைக்குள் இருந்த கையையும் பார்த்தாள். அத்தானும் பார்த்தார்.

"என்னடி வேடிக்கை பாத்துட்டு நிக்கிற," என்றாள் அக்கா. "நீயும் கொஞ்சம் தேடேன்."

நான் கையை வெளியே எடுத்தேன். வெறும் கை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு, அவர்களுக்குப் பக்கத்தில் முட்டியிட்டேன்.

முடிவை என்னிடம் கேட்காதீர்கள். வாஷர் எங்கே இருக்கிறது என்று இப்போது உங்களுக்கும் தெரியும். இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது, வாருங்கள், நீங்களும் குனிந்து தேடுங்கள்.